கூரையில் சோலார், வாசலில் மின்சாரக் கார்: இரண்டும் சந்திப்பதே இல்லையே?

மொட்டைமாடி (பாளையங்கோட்டை), திங்கள் இரவு 9.40

மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு ஓராண்டு ஆகப்போகிறது. மானியம் 78,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. தை மாதம் ஒரு சிறிய மின்சாரக் காரும் வாங்கினேன். 24 யூனிட் கொள்ளும் பேட்டரி. பள்ளிக்கூடத்துக்குப் போக வர 44 கிலோமீட்டர். அன்றிலிருந்து பெட்ரோல் பங்க் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"என் கார் வெயிலில் ஓடுகிறது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன ஞாயிறு சாப்பிட வந்த மச்சான் என் வாயை அடைத்துவிட்டார். "காலை எட்டு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போகிறாய். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புகிறாய். ராத்திரி பத்து மணிக்கு பிளக்கைச் சொருகுகிறாய். எந்த ஊரில் ராத்திரி பத்து மணிக்கு வெயில் அடிக்கிறது? உன் கார் மேட்டூர் நிலக்கரியில் ஓடுகிறது."

மேட்டூரில் அனல் மட்டுமா இருக்கிறது, அணையும்தான் இருக்கிறது என்று சமாளித்தேன். அவர் சிரித்துவிட்டு இன்னொரு துண்டு மீனை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்று இரவே டார்ச் அடித்து நெட் மீட்டரைப் பார்த்தேன். மின்வாரியத்திடம் வாங்கியது, அவர்களுக்குக் கொடுத்தது என்று இரண்டு எண்கள் மாறி மாறி வருகின்றன. கார் வந்த பிறகு இரண்டும் ஏறக்குறைய சமமாகவே ஏறிக்கொண்டிருக்கின்றன. அப்படியானால் நான் சொன்னது சரியா, மச்சான் சொன்னது சரியா? கணக்குத் தெரிந்தவர்கள் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை (சென்னை), திங்கள் இரவு 10.25

மச்சான் பக்கம்தான் சாய்கிறேன், கோபிக்க வேண்டாம்.

உங்கள் 3 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் தரும். வீட்டுக்கு 7 யூனிட், காருக்கு 6 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். பகலில் வீட்டில் ஆள் இல்லை. ஃபிரிட்ஜும் மோட்டாரும் 2 யூனிட் எடுத்தால் அதிகம். மிச்சம் 10 யூனிட் கம்பி வழியாக வெளியே போய், பக்கத்து வீட்டு மிக்சியைச் சுற்றுகிறது. இரவில் நீங்கள் 11 யூனிட் வாங்குகிறீர்கள். தாளில் வரவும் செலவும் கழிந்துவிடும். ஆனால் வேலை நாட்களில் கூரையிலிருந்து காருக்கு நேராகப் போகும் மின்சாரம் பூஜ்யம்.

இதற்காக மனம் உடையவும் வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் கார் என்றால் கிலோமீட்டருக்கு 144 கிராம். இந்தியாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இன்றும் நிலக்கரிதான். சராசரியாக யூனிட்டுக்கு 0.72 கிலோ. உங்கள் கார் யூனிட்டுக்கு 7.3 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆக 98 கிராம். முழுக்க இரவு மின்சாரத்தில் ஓட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இடிக்கிற இடம் வேறு. 24 யூனிட் பேட்டரியைச் செய்வதற்கே சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறியிருக்கும். கிலோமீட்டருக்கு 46 கிராம் மிச்சம் பிடித்து அந்தக் கடனை அடைக்க 43,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். உங்கள் ஓட்டத்தில் நான்கு ஆண்டுகள். உண்மையாகவே வெயிலில் ஓட்டினால் 14,000 கிலோமீட்டரில் அடைந்துவிடும். அதாவது ஒன்றேகால் ஆண்டு. எப்போது சொருகுகிறீர்கள் என்பதற்கு இவ்வளவு விலை இருக்கிறது.

ஆரல்காற்று (ஆரல்வாய்மொழி), செவ்வாய் காலை 6.05

இரவு ஷிப்ட் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காற்றாலைப் பராமரிப்பு வேலை.

கணக்குப்பிள்ளை ஐயா இந்தியச் சராசரியை எடுத்துவந்து பாளையங்கோட்டையில் வைத்துவிட்டார். அண்ணாச்சி வீட்டிலிருந்து நாங்குநேரி வழியாக இங்கே வந்து பாருங்கள். ஆனி மாதம், மணி ஆறு, எல்லா இறக்கையும் சுற்றுகிறது. ராத்திரி முழுக்கச் சுற்றியது. 80 மீட்டர் உயரத்தில் இயந்திரப் பெட்டிக்குள் நின்று போல்ட் முறுக்கும்போது கோபுரமே கப்பல் போல ஆடும். மேலே பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. 2 மெகாவாட் இயந்திரம் ஒன்று முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2000 யூனிட். அண்ணாச்சியின் கார் ஓராண்டு ஓட அது தாராளம்.

1986இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் சோதனைக்கென்று காற்றாலை நட்டதிலிருந்து இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வைகாசி முதல் புரட்டாசி வரை எங்கள் காலம். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது உங்கள் மாடியில் மேகம் மூடி சோலார் படுத்துக்கொள்ளும். அந்த மேகத்தைத் தள்ளிக்கொண்டு வருகிற காற்றுதான் இங்கே இறக்கையைச் சுற்றுகிறது. ஆகவே ஆடி ராத்திரியில் சொருகினால் குற்ற உணர்ச்சி வேண்டாம். மாசி ராத்திரி என்றால் மச்சான் சொல்வது சரி. அப்போது இங்கே காக்கை இறக்கையில் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று. காற்று உச்சத்தில் இருக்கும் சில நாட்களில் நண்பகலில் "உற்பத்தியைக் குறையுங்கள்" என்று எங்களுக்குத் தொலைபேசி வரும். வெயிலும் காற்றும் சேர்ந்து வந்து வாங்க ஆள் இல்லாத நேரம் அது. நன்றாகச் சுற்றுகிற இயந்திரத்தைக் கையால் நிறுத்துவதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை. அந்த நேரத்தில் நாலு கார் சொருகியிருந்தால் என்ன?

மொட்டைமாடி, செவ்வாய் இரவு 8.15

தம்பி ஆரல்காற்று, வாயில் சர்க்கரை போட வேண்டும் உங்களுக்கு. ஆனால் நண்பகலில் நான் ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருப்பேன். கார் பள்ளி வேப்பமரத்தடியில் நிற்கும். வேலையை விட்டுவிட்டா காருக்கு வெயில் காட்டுவது?

தாழ்வாரம் (தஞ்சாவூர்), செவ்வாய் இரவு 9.02

அண்ணாச்சி, எதற்காகத் தினமும் சொருகுகிறீர்கள்?

நானும் முதல் ஆறு மாதம் கைப்பேசியைப் போலத்தான் செய்தேன். வீட்டுக்குள் வந்தவுடன் சொருகிவிட வேண்டும், காலையில் நூறு காட்ட வேண்டும். உங்கள் பேட்டரி 24 யூனிட். ஒரு நாள் ஓட்டத்துக்கு அதிலிருந்து ஐந்தேகால் யூனிட் போகிறது; சுவரில் 6 யூனிட் காட்டுவது சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து. நிரம்பிய பேட்டரி நான்கு நாள் தாங்கும். அப்புறம் எதற்கு ராத்திரி ராத்திரிக்கு?

சனி, ஞாயிறு காலை 10 மணிக்குச் சொருகி மூன்று மணிக்கு எடுங்கள். சார்ஜரில் மின்னோட்டத்தைக் குறைக்க வழி இருந்தால் 10 ஆம்பியரில் வையுங்கள். 2.3 கிலோவாட் இழுக்கும். உங்கள் 3 கிலோவாட் பேனல் உச்சி வெயிலில் தருவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். 16 ஆம்பியரில் வைத்தால் மிச்சத்தைக் கம்பியிலிருந்து வாங்கும், அதில் என்ன பிரயோசனம்? ஐந்து மணி நேரத்துக்கு 11.5 யூனிட், இரண்டு நாளைக்கு 23. வாரத் தேவை 30. மிச்சம் 7 யூனிட்டைப் புதன்கிழமை இரவு ஏற்றிக்கொள்ளுங்கள். மச்சானுக்கு அந்த ஏழு யூனிட்டை மட்டும் விட்டுக்கொடுங்கள்.

சொருகுகிற இடத்தையும் பாருங்கள். எங்கள் வீட்டில் பழைய ஏசி பாயிண்டில் சொருகினோம். ஏசி விட்டுவிட்டு இழுக்கும். கார் எட்டு மணி நேரம் மூச்சு விடாமல் இழுக்கும். உள்ளே ஒரு திருகு சற்றே தளர்ந்திருந்தது. ஒரு நாள் விடியற்காலை மீன் நாற்றம் போல ஒரு வாடை. போய்ப் பார்த்தால் பிளக்கின் ஒரு கால் பழுப்பாகி, சாக்கெட் முகம் உருகி வழிந்திருக்கிறது. இப்போது மெயின் போர்டிலிருந்து தனிக் கம்பி, தனி பிரேக்கர், தொழிற்சாலைகளில் போடும் நீல நிற சாக்கெட்.

சித்திரையில் சார்ஜர் சிவப்பு விளக்குக் காட்டி ஏறவே மாட்டேன் என்றால் பயப்படாதீர்கள். எர்த் குழி காய்ந்திருக்கும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் ஏறும். எர்த் சரியில்லை என்று அந்த விளக்கு சொல்கிறது. தண்ணீர் ஊற்றியும் அடிக்கடி வந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாமலே ஏற்றுவதற்கு ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள். அதை வாங்கிவிடாதீர்கள்.

இரண்டாமாண்டு (மதுரை), புதன் மாலை 4.50

வணக்கம். மெக்கானிக்கல் படிக்கிறேன். இவ்வளவு சுற்றுவதற்குப் பதில் கார் கூரையிலேயே பேனல் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே? பகலில் எங்கே நின்றாலும் ஏறிக்கொண்டே இருக்கும். நண்பர்கள் சேர்ந்து பழைய கார் ஒன்றை மாற்றிக் கட்டலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை, புதன் மாலை 5.30

தம்பி, முதலில் நாடாவை எடுத்து அளந்து பாருங்கள். சிறிய காரின் கூரையில் பேனலுக்கு 2 சதுர மீட்டர் கிடைத்தால் பெரிது. ஒரு சதுர மீட்டரில் விழும் உச்சி வெயில் 1000 வாட். பேனல் அதில் 22 சதவீதத்தை மின்சாரமாக்கும். ஆக 440 வாட். தட்டையாகக் கிடப்பது, சூடு, தூசி எல்லாம் போக நாளைக்கு ஒன்றரை யூனிட். 12 கிலோமீட்டர்.

அதற்கும் காரை நாள் முழுக்க வெட்டவெயிலில் நிறுத்த வேண்டும். நம் ஊரில் கார் வைத்திருப்பவர்கள் முதலில் தேடுவது வேப்பமரத்தை. வெயிலில் காய்ந்த காருக்குள் உட்கார ஏசியை முழு வேகத்தில் ஓட்டினால் சம்பாதித்ததில் பாதி அங்கேயே போய்விடும்.

நடக்காது என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலிய சாகசக்காரர் ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப் 1982 டிசம்பரில் பெர்த்தில் கிளம்பி, கூரை முழுக்க பேனல் போட்ட வண்டியில் சுமார் 4000 கிலோமீட்டர் ஓட்டி 20 நாளுக்குள் சிட்னி போய்ச் சேர்ந்தார். 1987இல் டார்வினிலிருந்து அடிலெய்டுக்கு முதல் சூரியக் கார்ப் பந்தயம் நடந்தபோது ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் சுமார் 3000 கிலோமீட்டரைச் சராசரியாக 67 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தது. ஆனால் அவை காரா? ஒருவர் மட்டும் படுத்த வாக்கில் ஓட்டுகிற கரப்பான்பூச்சி வடிவம். மளிகைச் சாமான் வைக்க இடம் கிடையாது. நெதர்லாந்தின் லைட்இயர் நிறுவனம் ஐவர் உட்காரும் காரில் 5 சதுர மீட்டர் பேனல் போட்டு 2022 கடைசியில் தயாரிப்பைத் தொடங்கியது. அடுத்த ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது.

பேனலின் இடம் வீட்டுக் கூரை. அங்கே கிலோவாட்டுக்கு 100 சதுர அடி தாராளமாகக் கிடைக்கிறது, தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம்.

சுருள்கம்பி (கோயம்புத்தூர்), புதன் இரவு 10.10

பையன் ஏதோ கட்டிப் பார்க்கலாம் என்று வருகிறான், ஐயா வாய்ப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

தம்பி, நான் மோட்டார் சுருள் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கட்டிய அனுபவத்தைச் சொல்கிறேன், பிறகு முடிவெடுங்கள்.

பழைய மாருதி 800 ஒன்று, இன்ஜின் போனது, அடிமாட்டு விலைக்கு வாங்கினேன். இன்ஜினை இறக்கி மோட்டாரைக் கியர்பாக்ஸோடு இணைத்தேன். பாதி வேலை அந்த இணைப்புத் தட்டில்தான். மோட்டார் தண்டும் கியர்பாக்ஸ் தண்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால் பேரிங் இரண்டு வாரத்தில் அரைக்கத் தொடங்கிவிடும். லேத்தில் மூன்று தட்டுக் கடைந்தோம். முதல் இரண்டும் இப்போது பட்டறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கின்றன.

முதலில் லாரி பேட்டரி மாதிரி ஈயப் பேட்டரி ஆறு. 72 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. ஒன்று 30 கிலோ, மொத்தம் 180 கிலோ. தாளில் 7.2 யூனிட். பாதிக்கு மேல் உறிஞ்சினால் ஈயம் செத்துப்போகும். 25 கிலோமீட்டரில் நின்றது. பின்பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டு கர்ப்பிணிப் பசு மாதிரி நடந்தது. அப்புறம் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் 24 போட்டேன். ஒன்று 3.2 வோல்ட், 2 கிலோ. மொத்தம் 50 கிலோவுக்குள் 7.7 யூனிட், அதில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துக்கொள்ளலாம். வண்டியே வேறு வண்டியாகிவிட்டது.

யாரும் சொல்லாத ஒன்று: என் வண்டியில் பிரேக் பூஸ்டர் உண்டு, கால் மிதிக்கும் விசையைப் பெருக்கித் தருவது. அதற்கு வெற்றிடம் தருவது இன்ஜின். இன்ஜினைத்தான் இறக்கிவிட்டோமே! முதல் ஓட்டத்தில் பிரேக்கை மிதித்தால் பாறையை மிதிப்பது போல இருந்தது. பட்டறை மதில் சுவரில் இன்றும் அந்த அடையாளம் இருக்கிறது. தனியாக ஒரு சிறிய வெற்றிட பம்பு வைத்த பிறகுதான் சரியானது.

சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள். ஏஐஎஸ் 123 என்கிற வாகனத் தர விதிப்படி சோதித்து ஒப்புதல் பெற்ற மாற்றுக் கிட்டாக இருக்க வேண்டும். ஆர்சி புத்தகத்திலும் மாற்ற வேண்டும். என்னுடையது வளாகத்துக்குள் மட்டும் ஓடுகிறது, சுருள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு. பட்டறைக் கூரையில் உள்ள பேனலிலிருந்து பகலில் சொருகுகிறேன். முழுக்க வெயிலில் ஓடும் கார் இந்த உரையாடலில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை, புதன் இரவு 10.31

வளாகத்துக்குள் ஓடுவதைக் கார் என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

சுருள்கம்பி, புதன் இரவு 10.38

2001இல் பெங்களூரில் ரேவா மின்சாரக் கார் வந்தபோதும் இதைத்தான் கேட்டார்கள். ஈயப் பேட்டரி, 80 கிலோமீட்டர், பொம்மைக் கார் என்று சிரித்தார்கள். அந்தப் பொம்மை லண்டன் தெருக்களில் ஓடியது. ஐயாவிடம் கார் உண்டா?

கணக்குப்பிள்ளை, புதன் இரவு 10.40

இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு. மாடி பொது, வாகன நிறுத்தத்தில் பிளக் வைக்கச் சங்கம் ஒப்பவில்லை. மின்சார ரயிலில் போகிறேன்.

வடலி (யாழ்ப்பாணம்), வியாழன் காலை 5.48

அண்ணைமார் எல்லோரும் சிரிக்க வைக்கிறீர்கள். எங்கள் பக்கத்துக் கதை ஒன்றும் கேளுங்கள்.

2015இல் ஜப்பானில் ஓடிய நிசான் லீஃப் ஒன்று எடுத்தேன். அந்தக் காலம் வரி குறைவு, ஆயிரக்கணக்கில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியது. 24 யூனிட் பற்றறி. அதைக் குளிர்விக்க ஒரு ஏற்பாடும் கிடையாது, வெறும் காற்றுத்தான். ஜப்பான் குளிருக்குச் சரி, யாழ்ப்பாண வெயிலுக்குச் சரிவருமா? பற்றறியின் தெம்பைத் திரையின் வலது ஓரத்தில் 12 கோடுகளால் காட்டும். ஒவ்வொன்றாக விழுந்து இப்போது 7. ஒவ்வொரு கோடு விழும்போதும் வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தேன், பல் விழுந்ததை மறைப்பது போல. இப்போது 60 கிலோமீட்டர் போகும். சந்தைக்கும் பள்ளிக்கும் போதும்.

வீட்டுக் கூரையில் சோலாரும் இருந்தது. 2022இல் பெற்றோல் வரிசை சந்தியைத் தாண்டி நின்றபோது அயலவர் எல்லோரும் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கும் ஒரு மிதப்பு. அப்போதுதான் மின்வெட்டு வந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம். கூரையில் நெருப்பாக வெயில் காய்கிறது, முற்றத்தில் கார் நிற்கிறது, பிளக்கில் கரண்ட் இல்லை!

சோலார் கரண்டை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றுவது இன்வேட்டர். கம்பியோடு இணைத்த இன்வேட்டர், கம்பியில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் மேல் எங்கள் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். நியாயம்தான். பூட்டும்போது ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லையே என்பதுதான் என் கோபம். சைக்கிளில் போனேன். பிறகு கடன்பட்டு பற்றறியோடு சேரும் ஹைபிரிட் இன்வேட்டர் மாற்றினேன். அண்ணை, உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடி, வியாழன் இரவு 9.20

பார்த்தேன் வடலி. கம்பியோடு இணைத்ததுதான். இத்தனை நாள் கரண்ட் போனால் சோலார் கை கொடுக்கும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். இனி மச்சானிடம் இதையும் மறைக்க வேண்டும்.

தாழ்வாரம் அக்கா சொன்னபடி செய்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை, வெள்ளி காலை 8.05

ஒரு சேர்க்கை. பொது சார்ஜிங் நிலையங்களுக்கான ஒன்றிய அரசின் 2024 வழிகாட்டுதலில், காலை 9 முதல் மாலை 4 வரை மின்சாரத்தை, அதை வழங்க ஆகும் சராசரிச் செலவின் 70 சதவீத விலைக்கும், மற்ற நேரத்தில் 130 சதவீத விலைக்கும் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஆரல்காற்று தம்பியின் வயிற்றெரிச்சல் டெல்லி வரை கேட்டிருக்கிறது. வீட்டு மீட்டருக்கும் இப்படிப் பகல் விலை, இரவு விலை என்று வந்துவிட்டால் எல்லோரும் தாழ்வாரம் அம்மா வழிக்கு வந்துவிடுவார்கள்.

மொட்டைமாடி, மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மதியம் 12.50

மீட்டர் பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை 10 மணிக்கு 10 ஆம்பியரில் சொருகினேன். கொடுத்த எண் 10 மணியிலிருந்து இதுவரை 0.3 யூனிட்தான் ஏறியிருக்கிறது. வாங்கிய எண் 0.4. மேகம் ஒன்று வந்தால் வாங்கிய எண் கொஞ்சம் நகர்கிறது, விலகினால் நிற்கிறது. உள்ளே வீட்டுக்காரி மிக்சியைப் போட்டால்கூட இங்கே தெரிகிறது. தேங்காய்ச் சட்னி என்று ஊகித்தேன், சரியாக இருந்தது.

முதல் வாரம் சொதப்பல். சனிக்கிழமை ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியதாகி, கார் பகல் முழுக்க வெளியே. செவ்வாய், வியாழன் இரண்டு இரவும் சொருகினேன். இரண்டாம் வாரம் சரியாக வந்தது. இந்த வாரம் புதன் இரவு 7 யூனிட் மட்டும்.

பள்ளியில் தலைமையாசிரியையிடம் கேட்டேன். சைக்கிள் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பாயிண்ட் இருக்கிறது, மாதம் ஒரு தொகை கட்டிவிட்டு மதியம் சொருகிக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் வேப்பமரத்தடியிலிருந்து வெயிலுக்கு வண்டியை மாற்ற வேண்டும். யோசிக்கிறேன்.

ஆரல்காற்று, ஞாயிறு மதியம் 1.15

இது ஆடி மாதம் அண்ணாச்சி. புதன் இரவு 7 யூனிட் என் கணக்கில் எழுதுங்கள். மச்சானுக்கு மாசியில் பார்த்துக்கொள்ளலாம்.

தாழ்வாரம், ஞாயிறு மதியம் 1.22

மீட்டரைப் பார்த்தது போதும். மூன்று மணி நேரமாக ஓடுகிற பிளக்கைத் தொட்டுப் பார்த்தீர்களா?

மொட்டைமாடி, ஞாயிறு மதியம் 1.25

இப்போதுதான் புறங்கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருக்கிறது. நீல சாக்கெட்டுக்கு நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.